பஞ்சத்தைக் கொண்டு வருவது யார்?



ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். 'சீசன் வந்தாச்சு' என்று அருவியில் குளிக்கக் கிளம்பி விடுவோம். சாரல் பொய்த்தால், நமக்குக் குளியல் தான் போச்சு. ஆனால், தென்காசி விவசாயிக்கு?

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தான், அங்குள்ள பல குளங்களையும், வயல்களையும் நனைக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவமழையில் பிசானம். ஒரு மழை ஏமாற்றினால், இன்னொன்று கைகொடுக்கும். இரண்டுமே ஏமாற்றினால்?

தென்காசியும் அடங்கியிருந்த அன்றைய சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில், 1876ல் மழை பொய்த்தது. அது தாது ஆண்டு. அதனால், 'தாது வருடப் பஞ்சம்' என்று பெயர். 1878 வரை நீடித்த பஞ்சத்தில், இந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர்.

பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகி, மழைக்காற்றைக் குழப்பும், 'எல் நினோ' தான் மழை பொய்க்கக் காரணம் என்கின்றனர் விஞ்ஞானிகள். இது இயற்கை செய்தது.

மனிதர்கள் செய்தது என்ன?

நாட்டில் தானியம் இருந்தது. அந்த ஆண்டுகளிலும் இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியது. இங்கே விலை எகிறியது. வயல் காய்ந்து வேலையிழந்த கூலிகளின் கையில் காசில்லை. விலையில் அரசு தலையிடாது என்றார், வைஸ்ராய் லிட்டன். நிவாரண வேலை செய்வோருக்கு, நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும், சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. நாளெல்லாம் மண் சுமப்பவருக்கு அது எப்படிப் போதும்? சென்னை பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது தான்.

மழை இல்லாதது வறட்சி. தானியம் இருந்தும் ஏழைக்குக் கிடைக்காதது பஞ்சம். வறட்சியைத் தடுப்பது கடினம், பஞ்சத்தைத் தடுக்கலாம். இன்றும் மழை பொய்க்கிறது. ஆனால், வேறு ஊரில் விளைந்த அரிசி ரேஷன் கடைக்கு வருகிறது. பள்ளியில் மதிய உணவு கிடைக்கிறது. பஞ்சத்தைத் தடுக்கும் வேலிகள் இவை.

உங்கள் ஊரிலும் ஒரு வேலி இருக்கிறது. அது தான் குளம். அதன் பெயர் தெரியுமா? அதற்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? அந்த வழியில் குப்பை கிடக்கிறதா? இந்த ஞாயிறு, தாத்தா, பாட்டியிடம் கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். பெய்யும் மழையைச் சேர்த்து வைப்பது நம் கையில் தான் இருக்கிறது!

அன்புடன்,
ஆசிரியர்