முதுகு ஊசியும் சீட்டுக் குலுக்கலும்

பிரசவத்திற்கு ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு தாய்க்கு அதன் பிறகு எந்தக் காலத்தில் இடுப்பு வலித்தாலும், "அன்று முதுகில் போட்ட ஊசி செய்த வேலை" என்று மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார்கள். பத்து மாதம் சுமந்ததும், இரவெல்லாம் கண்விழித்துக் குழந்தையைத் தூக்கித் திரிந்ததும், உடம்பு தேறுமுன் தண்ணீர்க் குடம் எடுத்ததும் இந்தத் தீர்ப்பில் கணக்குக்கு வருவதில்லை. பழியை ஊசியின் தலையில் போட்டுவிட்டால் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் ஒரு துரும்பையும் எடுத்துப் போட வேண்டியதில்லை அல்லவா?

ஆனால், "டாக்டர் சொல்லுகிறார், ஆகையால் ஊசி நல்லது" என்று நாம் சொல்ல வரவில்லை. சாஸ்திரம் சொல்லுகிறது என்பதற்கும் டாக்டர் சொல்லுகிறார் என்பதற்கும், ருஜு இல்லாதவரையில், என்ன வித்தியாசம்? ருஜு எப்படிக் கிடைத்தது என்பதுதான் நமது கேள்வி.

முதுகெலும்பின் உள்ளே போடும் ஊசிக்குத் தங்கை போன்றது, உறைக்கு வெளியே மருந்தைச் செலுத்திப் பிரசவ வலியை அடக்கும் எபிடூரல் ஊசி. 1990-ல் இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரில் பிரசவித்த 11,000-க்கு மேற்பட்ட பெண்களை விசாரித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எபிடூரல் போட்டுக்கொண்டவர்களில் 100-க்குச் சுமார் 19 பேருக்குப் பிரசவத்திற்குப் பின் நீடித்த முதுகு வலி. போடாதவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்குத்தான். பார்த்தீர்களா, மாமியார் சொன்னது மெய்யாயிற்று என்று தோன்றும். ஆனால் அந்த ஊசியைக் கேட்டு வாங்கியவர்கள் யார்? கஷ்டப் பிரசவமும் நீண்ட வலியும் உள்ளவர்களே அதிகம் கேட்டிருக்கலாம். அப்படியானால் குற்றவாளி ஊசியா, பிரசவமா?

இதைத் தீர்க்க வேறொரு காரியம் செய்தார்கள். 2002-ல் வெளியான ஆராய்ச்சியில், தலைப்பிரசவத்திற்கு வந்த 369 பெண்களை, அவரவர் சம்மதத்தின் பேரில், எபிடூரலுக்கென்றும் வேறு வலி மருந்துக்கென்றும் குலுக்கிப் பிரித்து, சராசரி இரண்டு வருஷத்திற்குப் பின் சோதித்தார்கள். முதுகு வலியில் இரு கூட்டத்தாருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

இங்கே நம் ஆஸ்திகத் தோழர்கள், "நாங்களும் சாமி முன் பூக்கட்டித்தானே பார்க்கின்றோம், உங்கள் விஞ்ஞானமும் அங்கேதான் வந்து நிற்கிறது" என்று சிரிக்கக்கூடும். நன்றாய்ச் சிரிக்கட்டும். பூக்கட்டிப் பார்ப்பவன் சிவப்பா வெள்ளையா என்று ஒரே தடவை எடுத்து, வந்த பூவையே பதிலாக வைத்துக்கொள்ளுகிறான். ஆராய்ச்சிக்காரனுக்குச் சீட்டு பதில் அல்ல. கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான ஏற்பாடு. பணக்காரி இந்தப் பக்கம், ஏழை அந்தப் பக்கம், டாக்டருக்கு வேண்டியவர் இந்தப் பக்கம் என்று மனிதனின் ஓரவஞ்சனை உள்ளே புகாமல் இருப்பதற்காகவே குலுக்கல். பிறகு எண்ணிப் பார்க்கிறான். சாமி சொன்ன பூவில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று எந்தப் பூசாரியாவது எண்ணி அச்சிட்டதுண்டா?

இந்தச் சீட்டு டாக்டர்களின் நம்பிக்கையையும் விட்டுவைப்பதில்லை. இடுப்பெலும்பு முறிந்த வயோதிகர்களுக்கு முழு மயக்கத்தைவிட முதுகு ஊசியே நல்லது, புத்தி தடுமாற்றம் குறையும் என்று வைத்தியர்களிலேயே வெகு பேர் நம்பி வந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 நாளைக்குள் இறந்துபோனவர்களும், பிறர் உதவியின்றிப் பத்தடி நடக்க முடியாமற்போனவர்களும் ஊசிக் கூட்டத்தில் 100-க்கு 18.5, மயக்கக் கூட்டத்தில் 18. புத்தி தடுமாற்றமும் ஏறக்குறையச் சமமே. பெரிய பெரிய டாக்டர்களின் அனுபவம் இந்தக் கணக்கின் முன் மௌனமாக வேண்டியதாயிற்று. இது இடுப்பெலும்பு முறிவுக்குச் சொன்ன முடிவு. பிரசவ ஆப்பரேஷனுக்கு முதுகு ஊசியை விரும்புவதற்கு, தாயின் மூச்சுக் குழாயைப் பற்றிய அபாயம் முதலான வேறு காரணங்கள் உண்டு.

ஊசிக்குக் குற்றமே இல்லையா என்றால், உண்டு. அதைக் கண்டுபிடித்ததும் மந்திரவாதி அல்ல, ஊசி போட்டவனே. ஜெர்மனியில் கீல் நகரத்து ஆகஸ்ட் பியர், 1898 ஆகஸ்ட் 24-ந் தேதி, தன் முதுகிலேயே ஊசி குத்தச் சொன்னார். குழல் ஊசியில் சரியாய்ப் பொருந்தாமல் முதுகு நீர்தான் ஒழுகிற்று. உடனே உதவியாளர் ஹில்டபிராண்ட் தன் முதுகைக் காட்டினார். கொக்கெயின் ஏறியதும் பியர் அவர் காலில் ஊசியால் குத்தினார், எரியும் சுருட்டை வைத்தார், முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார், வலியில்லை. பிறகு இருவருக்கும் தலைவலி வந்தது. பியர் ஒன்பது நாள் படுத்துவிட்டார். நீர் ஒழுகியதே காரணமாயிருக்கலாமென்று தம் அவஸ்தையையும் சேர்த்து 1899-ல் எழுதி வெளியிட்டார். அந்தத் தலைவலியைக் குறைக்கத்தான் இன்று மெல்லிய, பென்சில் முனை போன்ற ஊசிகள் வந்திருக்கின்றன. தங்கள் பரிகாரத்தால் வந்த தலைவலியை எந்தச் சோதிடன் எழுதி வைத்தான்?

நமது ஆத்திரமெல்லாம், இவ்வளவு சங்கதிகளும் அச்சில் இருக்க, ஆஸ்பத்திரியில் சம்மதக் காகிதத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்தான் இருக்கிறது. தலைவலி வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், நீடித்த இடுப்பு வலிக்கு இது காரணமென்று ருஜுவில்லை என்று தமிழில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? அதைச் சொல்லாத டாக்டர், மாமியாரின் தீர்ப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள என்ன யோக்கியதை உடையவர்? தாய்மார்களும், காகிதத்தில் என்ன இருக்கிறதென்று கேட்டு, பதில் வந்த பிறகே கைநாட்டு வைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.