எலுமிச்சங்கன்றுக்கு மருந்துக்கடைக்காரரா டாக்டர்?



எலுமிச்சங்கன்று துளிர்விட்டதும் இலைத்துளைப்பான் புழு இலைக்குள்ள வெள்ளிக்கோடு போட்டுச் சுருட்டுது. அந்தக் காயம் வழியா சொறிநோயும் நுழையுது. புழு வேற, நோய் வேற. கன்றைப் பார்க்காமலே நாலு டப்பாவை நம்ம தலையில கட்டுறாங்க. கடன்தான் மிச்சம்!

துளிர் வந்ததும் 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊறவச்சு, வடிகட்டி, 10 லிட்டராக்கித் தெளிப்போம். சொறி பிடிச்ச கொப்பை வெட்டி எரிப்போம். பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 3 கிராம் போதும்.

மருந்து வாங்கினால் பில் கேட்போம். 1971 பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதைத் தருவது கடைக்காரர் கடமை.

அரசே! தோட்டக்கலை அதிகாரியைத் தோட்டத்துக்கு அனுப்பு! நோயில்லாத கன்று கொடு!

கேட்டுப் பெறுவோம், ஒன்றுபடுவோம்!