ஒரு துறவியின் எண்

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். 7, 13, 31 என்பன அத்தகையவை. சிறிய எண்ணாயின் பள்ளிப் பிள்ளையும் சோதித்தறியலாம். பெரிய எண்ணாயின் அறிஞரும் தடுமாறுவர்.

பாரிஸ் மாநகரில் வாழ்ந்த மினிம் சபைத் துறவி மெர்சென் அடிகளார், 1644இல் இத்தகைய எண்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் 147573952589676412927 பகா எண்ணே என்பது அவர் கூற்று.

232 ஆண்டுகள் சென்றன. 1876இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆயின் எவ்வெண்களால் அது வகுபடும் என அவராலும் கூற இயலவில்லை. பிழை உண்டென அறிவது வேறு, அது எங்கே உள்ளதெனக் காண்பது வேறு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் நமக்கு இது புதிதன்று.

1903இல் நியூயார்க் நகரில், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில், கோல் என்னும் பேராசிரியர் விடையை வெளிப்படுத்தினார். கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டி, ஒரு சொல்லும் பேசாமல் தம் இருக்கைக்குத் திரும்பினாராம். அவையோர் கரவொலி எழுப்பினராம். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று பின்னர் அவர் கூறியதாகச் சொல்வர். (அந்நாள்களில் பூசை கண்டாரோ, நாம் அறியோம்!)

அடிகளாரின் பட்டியலில் 257உம் பிழையே. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. 127 சரியென்று நிறுவியவர் அதே லூக்காஸ்தான். இவ்வகை எண்களோ இன்றளவும் மெர்சென் பகா எண்கள் என்றே வழங்கப்பெறுகின்றன.