புகையைக் கண்டவர்களின் முறைப்பாடு

பழைய அணுக்கழிவுகளை மீளப் பொதியிடும் பணி என்றவுடன் முகமூடி, கையுறை, கதிர்வீச்சை அளவிடும் கருவி ஆகியனவே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. இவை அவசியமானவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. புளுட்டோனியம் வெளிவிடும் அல்பா கதிரை ஒரு கடதாசித் தாளே தடுத்துவிடும். அதன் துகள் சுவாசத்துடன் நுரையீரலைச் சென்றடைந்தாலோ நிலைமை வேறு. எனினும், பீப்பாய்க்குள் எது எதனுடன் கலக்கப்படுகின்றது என்ற வினாவுக்கு முகமூடியில் விடையில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 2014 ஆம் ஆண்டு நிகழ்ந்த விபத்து இதனைத் தெளிவாக உணர்த்தியது.

முதலாவது அணுகுண்டு வடிவமைக்கப்பட்ட லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் நீண்டகாலமாகத் தேங்கிக் கிடந்த நைத்திரேற்று உப்புக் கழிவுகள் மீளப் பொதியிடப்பட்டன. ஈரத்தை உறிஞ்சுவதற்குக் களிமண் போன்ற அசேதனப் பொருளையே அவற்றுடன் சேர்த்திருக்க வேண்டும். எழுத்துமூல அறிவுறுத்தலிலோ சேதனப் பொருள் என்றிருந்தது. தமிழில் இது ஓரெழுத்து வேறுபாடுதான். வளர்ப்புப் பூனைகளின் கழிவுத் தட்டில் இடுவதற்கெனக் கோதுமையிலிருந்து தயாரிக்கப்படும் பொருள் பீப்பாய்களில் கொட்டப்பட்டது. தொழிலாளர்கள் விதியை மீறவில்லை. விதியைப் பின்பற்றியே அபாயத்தைப் பொதி செய்தனர்.

அவ்வாறு பொதியிடப்பட்ட பீப்பாயொன்று, கார்ள்ஸ்பாட் நகருக்கு அண்மையில் 650 மீற்றர் ஆழத்துக்குக் கீழுள்ள உப்புப் படுகைக் களஞ்சியத்தில் பெப்ரவரி 14 ஆம் திகதி இரவு தானாகச் சூடேறிப் பிளந்தது. சுரங்கத்தினுள் அவ்வேளை எவரும் இல்லாதது நற்பேறே. ஆயினும், மேற்பரப்பில் பணிபுரிந்த 22 பேரின் உடலில் சிறிதளவு கதிரியக்கம் கண்டறியப்பட்டது. கழிவுகளைப் புதைக்கும் பணி 2017 ஜனவரியிலேயே மீள ஆரம்பமானது.

எம்மை அதிகம் உறுத்துவது விசாரணையில் வெளிவந்த வேறொரு விடயமாகும். பொதியிடும்போது நுரை பொங்கியதையும் செம்மஞ்சள் நிறப் புகை எழுந்ததையும் தொழிலாளர்கள் கண்டு, மேலாளர்களுக்கு அறிவித்திருந்தனர். அது அடங்கும்வரை பொறுத்திருந்து பணியைத் தொடருமாறே அவர்களுக்குக் கூறப்பட்டது. இரசாயனவியலாளர் ஒருவரை அழைத்து வினவியிருந்தால் மூன்றாண்டு இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

நான்காண்டுகளின் பின்னரும் இந்நிலை முற்றாக மாறியிருந்ததாகத் தெரியவில்லை. 2018 ஏப்ரல் 11 ஆம் திகதி ஐடஹோ மாநிலத்தில், மீளப் பொதியிடப்பட்ட பழைய சேற்றுக்கழிவுப் பீப்பாய்கள் நான்கின் மூடிகள் தெறித்தன. அன்று பகல் முழுவதும் அதே கூடத்தில் தொழிலாளர்கள் பணிபுரிந்தனர். மூடிகள் தெறித்ததோ அவர்கள் வீடு சென்ற பின்னரே.