பவர்டேபிளுக்கு ஓ.டி. கிடையாது

கடைசி வருட ப்ராஜெக்ட் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மனசு ஆறவில்லை. பதினெட்டு அணிகளில் கடைசிக்கு முந்தைய இடம் என்னிடம் வழிகாட்டுதலுக்கு வந்த நான்கு பிள்ளைகளுக்கு. அவர்கள் செய்த மென்பொருளைத் திருப்பூரில் ஒரு பனியன் பட்டறையில் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். முதலிடம் வாங்கிய அணியின் ப்ராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியது. எனக்குத் தெரியும், சக ஆசிரியர்களுக்கும் தெரியும், வாங்கிய பையன்களும் மறைக்கவில்லை.

கொங்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினாறு வருடமாக மென்பொருள் பொறியியல் பாடம் எடுக்கிறேன். இப்போது சில வருடங்களாக அந்தப் பாடத்தோடு தொழில்முனைவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை. யாருக்கு என்ன கஷ்டம் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சின்னதாக ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் தடுமாறுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து திருத்தி, திரும்பக் கொண்டுபோக வேண்டும். மென்பொருள் எழுதுகிறவரும் இதைத்தான் செய்கிறார், புதிதாகக் கடை போடுகிறவரும் இதைத்தான் செய்கிறார். ஆனால் எங்கள் கல்லூரி ஏற்பாடு முழுவதும் பிள்ளைகளை இந்த வேலையிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது.

அந்த நான்கு பேரும் முதலில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஆப் செய்யப்போவதாகத்தான் வந்து நின்றார்கள். வருடத்துக்கு ஐந்து அணியாவது அதைத்தான் சொல்கிறது. பேச்சுவாக்கில் அவர்களில் ஒரு பெண், "எங்க சித்தப்பா பவர்டேபிள் வச்சிருக்கார் மேம், சனிக்கிழமை ஆனா சம்பளச் சண்டைதான்" என்றாள். என்ன சண்டை என்று கேட்டேன். பவர்டேபிள் என்பது பனியன் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை. அவருடையதில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று பன்னிரண்டு தையல் மெஷின். கூடவே கைமடிகள் என்கிற உதவியாட்கள் நாலைந்து பேர். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். தைத்த பண்டலை ஒவ்வொருவரும் தன் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்கிறார், சித்தப்பா தன் நோட்டில் குறிக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு நோட்டும் ஒத்துப்போவதில்லை. கணக்குத் தீர்ந்து சம்பளம் கைக்கு வர ராத்திரி ஒன்பது ஆகிறது. ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையோடு வாசலில் நிற்கிறார்கள். இதையே செய்யுங்கள் என்றேன்.

மூன்று வாரத்தில் ஒன்றைச் செய்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. மின்னஞ்சல், பாஸ்வேர்டு, ஓடிபி, ஏழு கட்டங்கள் உள்ள படிவம், கலர் கலராக வரைபடம். ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனோம், நானும் போனேன். ஓவர்லாக்கில் இருந்த அக்கா ஒருவர் போனை வாங்கிப் பார்த்தார். "மெயிலா? எனக்கெதுக்கு கண்ணு மெயிலு?" என்றார். பிறகு தன் நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு பண்டல் முடிந்தால் பென்சிலால் ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. "இதப் போட்டுட்டு அடுத்த பண்டலை எடுத்துருவேன். நீங்க கேக்கறதெல்லாம் நான் அடிச்சுட்டு உக்காந்திருந்தா ரெண்டு பீஸு போயிரும்." பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ஒவ்வொரு நொடியும் காசு. பிள்ளைகளின் ஆப் அந்த ஒரு பென்சில் கோட்டோடு போட்டி போட வேண்டும் என்பது அந்த நிமிடம்தான் அவர்களுக்கு உறைத்தது. இதை நான் வகுப்பில் எத்தனை பீரியடு கத்தினாலும் புரியவைத்திருக்க முடியாது.

அடுத்து சித்தப்பா கேட்டார்: "ஏஞ்சாமி, ஆல்டர் வந்தா இதுல எங்க கழிக்கறது?" நான்கு பேரும் விழித்தார்கள். செக்கிங்கில் தள்ளுபடியாகி, பிரித்துத் தைக்கச் சொல்லித் திரும்பி வரும் பீஸ்தான் ஆல்டர். அது யார் தைத்தது, யார் கணக்கில் கழிப்பது என்பதுதான் சனிக்கிழமைச் சண்டையின் வேரே. கூட்டல் தப்பால் வந்த சண்டை கிடையாது. பிள்ளைகள் என்னிடம் 32 பக்கத்தில் தேவைகள் ஆவணம் எழுதிக் கொடுத்திருந்தார்கள், நானும் திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த 32 பக்கத்தில் ஆல்டர் என்ற சொல்லே இல்லை.

திரும்பி வந்து பாதியைத் தூக்கிப் போட்டார்கள். லாகின் போயிற்று. சூப்பர்வைசர் மேஜையில் ஒரே ஒரு போன், அதில் டெய்லர்களின் முகங்கள் பெரிய பெரிய பட்டனாக. முகத்தைத் தொட்டால் ஒரு பண்டல், பக்கத்தில் சிவப்பைத் தொட்டால் ஆல்டர். கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் நெட் இல்லாமலும் ஓடுகிற மாதிரி மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியே ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு வாட்ஸப்பில் போய்விடுகிறது, சண்டை போடுவதென்றால் அப்போதே போட்டு முடித்துவிடலாம். அதுவரை ஃபைனல், ஃபைனல் டூ என்று ஜிப் கோப்பாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அழித்து ஒரு வாரக் கணக்கே காணாமல் போனதும் பழைய பிரதிகளைக் காக்கும் கிட் என்ற கருவியைக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள் என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஐந்தாவது சனிக்கிழமை ஏழு மணிக்குச் சம்பளம் போட்டு முடித்தார் சித்தப்பா.

முடித்துவிட்டு, "மாசம் எவ்வளவு தரணும்?" என்று கேட்டார். மறுபடியும் விழித்தார்கள். விலை என்ற ஒன்றை யாரும் யோசிக்கவே இல்லை. பக்கத்துப் பட்டறைகளில் போய் விசாரித்தார்கள். ஒருவர் முந்நூறு தருகிறேன் என்றார். இன்னொருவர் தன் மச்சான் பையன் சும்மாவே செய்து தருவான் என்றார். மூன்றாமவர், கணக்கு அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பலன் டெய்லருக்கு, காசு கொடுக்க வேண்டியது முதலாளி. இந்த இரண்டு பேரும் ஒருவரே இல்லாதபோது எப்படி விற்பது என்று அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். தொழில்முனைவுப் பாடம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இதற்கு கல்லூரி என்ன செய்தது? அந்தச் சனிக்கிழமைகளில் மூன்று வேலை நாள். கல்லூரி வேலையாக வெளியே போனதாக வருகை போடும் ஓ.டி. (ஆன் டூட்டி) கேட்டுக் கடிதம் கொடுத்தோம். சிம்போசியம் என்றால் பிரௌஷர் இருக்கும், சான்றிதழ் வரும், பட்டறைக்குப் போனதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் ஆப்சென்ட் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் ஏற்கெனவே காய்ச்சலில் படுத்தவன். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய், அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதினான். மற்ற நாளில் லேபில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றால் நாலேகாலுக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும், லேபைப் பூட்டிவிடுவார்கள்.

பிறகு வைவா. பேனலில் மூன்று பேர். முதல் கேள்வி, பேஸ் பேப்பர் (அடிப்படையாக எடுத்த ஆய்வுக் கட்டுரை) எது? இரண்டாவது, இதில் மெஷின் லேர்னிங் எங்கே? மூன்றாவது, அக்யூரசி எத்தனை சதவீதம்? அந்தப் பெண் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த பழைய பாக்கெட் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு, பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள். பேனலில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாவல்டி இல்லை என்று எழுதினார்கள்.

முதலிடம் வாங்கியது இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் டீப் லேர்னிங். பஸ் ஸ்டாண்டு பக்கம் ப்ராஜெக்ட் சென்டர்களில் அறிக்கை, பிபிடி, வைவா கேள்வி பதில் உட்படக் கட்டாகக் கிடைக்கும். 98 சதவீத அக்யூரசி என்று காட்டினார்கள், பேனல் தலையாட்டியது. அந்த 98 சதவீதம், பிளான்ட்வில்லேஜ் என்ற இலவசப் படத்தொகுப்பை வைத்து வந்தது. 54,000-க்கு மேல் படங்கள், பெரும்பாலும் இலையைப் பறித்து வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016-லேயே இதை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அதே தொகுப்பின் படங்களில் சோதித்தபோது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்ன மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சதவீதத்துக்கு விழுந்தது. செய்தவர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். முதலிடம் வாங்கிய அந்த அணியில் ஒரு பையனின் அப்பா தக்காளி போட்டிருக்கிறார். தோட்டத்தில் போய் ஒரு இலையைக்கூட அவன் படம் பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்துப் பார் என்று பேனலும் சொல்லவில்லை. பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதற்கு மதிப்பெண் விழும் என்று நாங்கள் காட்டினோமோ அதைத்தான் வாங்கி வந்தார்கள்.

தியரி இன்னும் மோசம். 45 பீரியடில் ஐந்து யூனிட் முடிக்க வேண்டும். தேர்வில் பார்ட் பி-யில் 13 மதிப்பெண்ணுக்கு வாட்டர்ஃபால் மாடலைப் படத்துடன் விளக்குக என்று வந்து நிற்கும். அந்தப் படம் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இப்படி ஒரே நேர்கோட்டில் போனால் ஆபத்து, கடைசியில் சோதிக்கும்போதுதான் தப்பு தெரியும், அதனால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள், வாடிக்கையாளரை உள்ளே கொண்டுவாருங்கள் என்று சொல்வதற்காகத்தான் அவர் அந்தப் படத்தையே போட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வரையச் சொல்கிறோம். 2001-ல் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கைக்கும் இதே கதிதான். அதன் 12 கொள்கைகளை வரிசை மாறாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளை, தான் செய்த ஒன்றை ஒரே ஒரு மனிதரிடம் காட்டியிருக்காது. லேப் ரெக்கார்டில் பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம், புக் பேங்க், லைப்ரரி. சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவது நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடக்கிறது.

தொழில்முனைவு என்ற பெயரில் நடப்பது போஸ்டர் போட்டி, விருந்தினர் உரை, ஜியோ-டேக் போட்ட போட்டோ, அறிக்கை. வருகிற பேச்சாளர்கள் 2021-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலான கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதற்குப் பல வருடம் முன்னால், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றி வந்தபோது டிவி உடைந்து வந்ததையும், காப்பீட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்ததையும், ஒரு இணைய மன்றத்தில் எழுதிய பிறகே பணம் வந்ததையும் சொல்ல மாட்டார்கள். வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கும் மென்பொருளையே ஏற்கெனவே வேறு நிறுவனத்தில் செய்துகொண்டிருந்தவர் அவர். தனக்கு நேர்ந்த கஷ்டத்தைக் கவனித்தார். 2010-ல் கம்பெனி வந்தது. என் மாணவிக்கு அந்த உடைந்த டிவி, சித்தப்பாவின் சனிக்கிழமை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எனக்கு அவசரம் கூடியிருக்கிறது. லாகின் பக்கம், படிவம், வரைபடம் எல்லாம் கேட்ட நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஆல்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை யார் கணக்கில் கழிப்பது என்பதுதான் சண்டை என்பது அதற்குத் தெரியாது. பட்டறைக்குப் போன பிள்ளைக்குத்தான் தெரியும். கோடிங் தெரிந்தாலே வேலை என்ற காலம் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், போய்ப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளைக் கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார வைத்திருக்கிறோமே!

அடுத்த மாதம் புது பேட்சுக்கு முதல் ரிவ்யூ. பேனலில் உட்காரப்போகிற சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேஸ் பேப்பர் கேட்பதற்கு முன்னால், இதை யார் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அவரையே போனில் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். பிள்ளைகள் மேஜையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தால், தயவுசெய்து திறந்து பாருங்கள்.