சமாதானம் வர ஐந்து மாதம்

இங்கிலாந்தில் ஒரு கையெழுத்து விழுந்தால், பத்து நிமிடத்தில் குன்னத்தூரில் செல்போன் சிணுங்குகிறது. 2025 ஜூலை 24-ம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தம் போட்டபோது அப்படித்தான். பனியன் கம்பெனி வேனுக்காக ரோட்டோரம் நிற்கிறவர்கூட அதைப் படித்துவிட முடிந்தது. வரி குறையுமா, ஆர்டர் கூடுமா, ஓவர்டைம் கிடைக்குமா? திருப்பூர் பக்கம் வெளிநாட்டு ஒப்பந்தம் என்பது வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

இதே கொங்கு நாட்டின் தலையெழுத்தில் கைவைத்த இன்னொரு கையெழுத்து, 242 வருடங்களுக்கு முன்னால் விழுந்தது. அந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எத்தனையோ பேர் செத்துப் போனார்கள்.

சண்டை தொடங்கிய இடம் அமெரிக்கா. அங்கே குடியேறிகள் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜை எதிர்த்துப் போராட, 1778-ல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி அவர்கள் பக்கம் சாய்ந்தார். இரண்டு மன்னர்களுக்கும் பகை என்றானதும், அவர்கள் கொடி பறந்த இடமெல்லாம் போர்க்களமாகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு மாகேயையும் பிடித்தார்கள். மைசூரின் ஹைதர் அலிக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்து இறங்கிய துறைமுகம் மாகே. ஏற்கெனவே ஆங்கிலேயர் மேல் கடுப்பில் இருந்த ஹைதர், 1780-ல் பெரும்படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். அமெரிக்காவில் வைத்த நெருப்பு, இரண்டே வருடத்தில் நம் வயல்காட்டுக்கு வந்துவிட்டது.

அப்போது கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்தது. குன்னத்தூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு மைசூர் கோட்டை வரும். ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தார். மகன் திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்தார். 1783 ஏப்ரலில் ஆங்கிலேயர்கள் கரூரையும் அரவக்குறிச்சியையும் பிடித்தார்கள். மே மாதம் திண்டுக்கல். ஜூன் தொடக்கத்தில் தாராபுரம். தாராபுரத்தைப் பிடித்தபோது இந்தப் படையை நடத்தியவர் கர்னல் ஃபுல்லர்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மன்னர்கள் அதற்கு முன்பே சமாதானமாகிவிட்டிருந்தார்கள். 1783 ஜனவரி 20-ம் தேதி, பிரான்சில் உள்ள வெர்சாய் அரண்மனையில் முதற்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கப்பலில்தான் செய்தி வரவேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, காற்று வீசுகிற பக்கமெல்லாம் பார்த்து வரவேண்டும்.

ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு இந்தத் தாமதம் தெரியாமலில்லை. அதனால் கடலுக்குக் கடல் தவணை வைத்தார்கள். ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் 12 நாள். கொஞ்சம் தள்ளியிருக்கும் கடலுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம். உலகின் மற்ற பகுதிகளுக்கெல்லாம் ஐந்து மாதம். அந்தத் தவணைக்குப் பிறகு பிடித்த கப்பலைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கப்பலுக்குச் சரி. செத்த ஆளை யார் திருப்பித் தருவது?

கடலூரில் நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டைக்குள் இருந்தார். ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் வெளியே முற்றுகையிட்டிருந்தார். ஜூன் 13-ம் தேதி நடந்த சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு, சம்பளத்துக்குச் சேர்ந்த நம் ஊர்ச் சிப்பாய்களும் அதில் உண்டு. 20-ம் தேதி கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதின. 25-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே பாய்ந்து தாக்கினார்கள். அந்த மாதக் கடைசியில்தான் வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. ஜூலை 2-ல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இவ்வளவும் நடந்தது, சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் கழித்து.

ஸ்டூவர்ட்டுக்கு உதவியாகத் தாராபுரத்திலிருந்து கிளம்பிய ஃபுல்லர்டனின் படை, கடலூருக்கு மூன்று நாள் நடைதூரத்தில் இருந்தபோது இந்தச் செய்தியைக் கேட்டது.

அத்தோடு கொங்கு நாட்டுக்கும் அமைதி வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. ஒப்பந்தத்தில் திப்புவின் பெயரே கிடையாது. 'இந்தியாவில் பிரான்சுக்குக் கூட்டாளிகள் இருந்தால், அவர்களும் சமாதானத்தில் சேர அழைக்கப்படுவார்கள். முடிவுசெய்ய நான்கு மாதம் அவகாசம். மறுத்தால் பிரான்ஸ் அவர்களுக்கு உதவாது' என்கிற பொருளில் ஒரு விதி மட்டும் இருந்தது. மூன்று வருடம் தோளோடு தோள் நின்ற மைசூருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அந்த நேரத்தில் திப்பு மங்களூர் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். செய்தி வந்ததும் அவரோடு இருந்த பிரெஞ்சுப் படை, 'எங்கள் சண்டை முடிந்தது' என்று ஒதுங்கிக்கொண்டது. திப்புவுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆக, மன்னர்கள் சமாதானம். மைசூரும் கும்பினியும் சண்டை. அந்த நவம்பரில் ஃபுல்லர்டன் மறுபடியும் மேற்கே வந்தார். ஆனைமலைக் காட்டுக்குள் கொட்டுகிற மழையில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்ப் பாலக்காட்டைப் பிடித்தார். மாதக் கடைசிக்குள் கோயம்புத்தூரும் விழுந்தது. அங்கிருந்து மலையேறி ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

அதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு: 'பேச்சுவார்த்தை நடக்கிறது. பிடித்ததை விட்டுவிட்டுப் பின்வாங்கு.' தயங்கிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் திரும்பினார். 1784 மார்ச் 11-ம் தேதி மங்களூரில் திப்புவும் ஆங்கிலேயரும் கையெழுத்திட்டார்கள். பிடித்த ஊர்களை அவரவர் திருப்பித் தந்துவிட வேண்டும், கைதிகளை விட்டுவிட வேண்டும் என்பது முடிவு. கோயம்புத்தூர், தாராபுரம், கரூர் எல்லாம் பழையபடி மைசூருக்கே. கணக்குப் பார்த்தால் யாருக்கும் லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை.

அது கோட்டைக் கணக்கு. வழியில் இருந்த ஊர்களின் கணக்கு வேறு. ஒரு படை நகர்ந்தால் அதற்குத் தீவனம் வேண்டும், தானியம் வேண்டும், பீரங்கி இழுக்க மாடு வேண்டும். காசு கொடுத்து வாங்கினாலும் பறித்தாலும், காலியாவது விவசாயியின் குதிரும் தொழுவமும்தான். இந்த மாதம் ஒரு கொடிக்கு வரி கட்டியவன், அடுத்த மாதம் இன்னொரு கொடிக்கு என்ன பதில் சொல்வான்?

மங்களூரில் போட்ட சமாதானமும் ஆறு வருடம் தாண்டவில்லை. 1790-ல் ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்தார். அடுத்த வருடமே திப்புவின் படை மீட்டது. 1799-ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பிறகுதான் கொங்கு நாடு ஒரே கையில் நின்றது. அது கும்பினியின் கை.

மறுவருடம், 1800-ல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கும்பினியின் உத்தரவுப்படி இந்தப் பக்கமெல்லாம் ஊர் ஊராகச் சுற்றி, வயல், தறி, கிணறு, வரி என்று பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். குன்னத்தூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் வேலை முடித்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஈரோட்டைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. ஹைதர் காலத்தில் அங்கே கோட்டைக்கு வெளியே சுமார் 3,000 வீடுகள் இருந்தனவாம். திப்பு காலத்தில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மெடோஸ் படையெடுப்பில் அதுவும் முழுக்க அழிந்தது. புக்கானன் போனபோது ஜனங்கள் திரும்பி வந்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எண்ணிச் சொன்னது, சுமார் 400 வீடுகள்.