150ஆம் மேசையையும் பாருங்கள்

2025 பிப்ரவரி 2ஆம் தேதி, நெதர்லாந்தின் கடலோரக் கிராமமான வைக் ஆன் ஸேயில் டாடா ஸ்டீல் செஸ் கோப்பைக்காக இரண்டு சென்னை இளைஞர்கள் மோதினார்கள். 13 சுற்றுகள் முடிவில் உலக சாம்பியன் குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆளுக்கு எட்டரைப் புள்ளியுடன் சமமாக நிற்க, பிளிட்ஸ் ஆட்டங்களில் பிரக்ஞானந்தா வென்றார். தமிழ்நாடு அதைக் கொண்டாடியது நியாயம்தான். ஆனால் அந்த அரங்கைப் பற்றிய இன்னொரு செய்தி இங்கே அதிகம் பேசப்படவில்லை. கிராண்ட்மாஸ்டர்கள் யோசித்துக்கொண்டிருந்த அதே கூரையின் கீழ், சில அடி தள்ளி, வரிசை வரிசையாகப் போடப்பட்ட மேசைகளில் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் ஓய்வு பெற்ற முதியவர்களும் தங்கள் தங்கள் ஆட்டத்தை ஆடுவது அந்தப் போட்டியின் வழக்கம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆயிரத்துக்கும் அதிகமான அமெச்சூர்கள் அங்கே வருகிறார்கள். பரிசுப் பணத்துக்காக யாரும் வருவதில்லை. வட கடலோரத்து ஜனவரிக் குளிரை விரும்பி வருகிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

அவர்களை இழுப்பது போட்டியின் அமைப்பு. 1938இல் இரும்பாலை ஒன்றின் ஆதரவில் பக்கத்து ஊரான பெவர்வைக்கில் தொடங்கிய இந்தப் போட்டியில், அமெச்சூர்கள் ஏறக்குறைய ஒரே பலமுள்ள பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருடனும் ஆட வேண்டும். குழுவில் முதலாவதாக வருபவருக்குக் கிடைக்கும் முக்கியமான பரிசு, அடுத்த ஆண்டு ஒரு படி மேலே உள்ள குழுவில் ஆடும் உரிமை. நாள் கணக்கில் தங்க முடியாதவர்களுக்கு வார இறுதியில் நான்கு பேர் குழுக்களும் உண்டு. நிறைவு விருந்தில் எல்லோருக்கும் பட்டாணி சூப் பரிமாறுவார்கள். போர் முடிந்த கையோடு உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1946இல் தொடங்கிய பழக்கம் அது. உலக சாம்பியனுக்கும் கடைசிக் குழுவில் கடைசியாக வந்தவருக்கும் ஒரே சூப். நம் ஊர்ப் போட்டிகளில் இல்லாதது இந்தப் பார்வைதான்: நடுவிலும் அடியிலும் முடிப்பவர்களும் போட்டியின் விருந்தாளிகளே என்ற பார்வை.

இங்கே நடைமுறை என்ன? பெரும்பாலான ஓப்பன் போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிச்சில் முதலில் கையாளப்பட்ட முறை. நூற்றுக்கணக்கானவர்களை வைத்து ஒன்பது சுற்றில் ஒரு வெற்றியாளரைக் கண்டுபிடிக்க அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. முதலிடத்தைத் தீர்மானிப்பதற்குச் சிறந்த அந்த முறை, நடுவில் இருப்பவருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். 300 பேர் வந்திருந்தால் முதல் சுற்றில் ரேட்டிங் வரிசையின் முதல் பாதி இரண்டாம் பாதியோடு மோதும். முதல் ஆள் 151ஆவது ஆளுடன், 150ஆவது ஆள் 300ஆவது ஆளுடன். சில நூறு புள்ளிகள் மேலே உள்ளவரிடம் காலையில் நசுங்கிய அமெச்சூருக்கு மாலையில் நேற்றுதான் ஆடக் கற்றுக்கொண்ட ஒரு குழந்தை எதிரே வந்து உட்காரும். அதை வென்றால் மறுநாள் மறுபடியும் மேலே ஒரு மலை. எலோ ரேட்டிங் கணக்குப்படி 400 புள்ளி வித்தியாசம் என்றால் பலமானவர் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளிக்கு மேல் எடுப்பார். 100 புள்ளி வித்தியாசம் என்றால் 64தான். முதலாவது, முடிவு தெரிந்த ஆட்டம். இரண்டாவதில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்பது சுற்றுப் போட்டியில் அப்படிப்பட்ட ஆட்டம் மூன்றோ நான்கோ கிடைத்தாலே அமெச்சூருக்கு அதிர்ஷ்டம். இதற்காக அவர் நுழைவுக் கட்டணம் கட்டி, அலுவலகத்தில் நான்கைந்து நாள் விடுப்பும் எடுத்திருக்கிறார்.

குழந்தைகளைக் குறை சொல்லி இந்த விஷயத்தைக் கடந்துவிட முடியாது. பள்ளிகளில் செஸ்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தமிழ்நாட்டின் சாதனை. முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இந்த மண்ணிலிருந்து வந்ததற்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. பத்து வயதுச் சிறுமி வாரத்துக்கு வாரம் வளர்கிறாள், அவளுடைய ரேட்டிங் மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்கிறது. தாளில் 1450 என்று இருக்கும் எதிராளி பலகையில் 1800 ஆக இருந்தால், நாற்பது வயதுக்காரர் தோற்பது மட்டுமல்ல, தன் புள்ளிகளையும் அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இது வெறும் புலம்பல் இல்லை என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் அது 2000க்குக் கீழே இருந்த ரேட்டிங்குகள் அனைத்தையும் ஒரே கணக்கில் உயர்த்தியது. 2000க்கும் அவரவர் ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளியில் 40 விழுக்காடு கூட்டப்பட்டது. குறைந்தபட்ச ரேட்டிங் 1000இலிருந்து 1400 ஆனது. எண்கள் ஒருமுறை சரிசெய்யப்பட்டன. போட்டியின் அமைப்பு அப்படியே இருக்கும்வரை அதே சரிவு மீண்டும் வரத்தான் செய்யும்.

இனி பணம். ஓப்பன் போட்டியின் பரிசுத் தொகையில் பெரும்பங்கு பல இடங்களில் நுழைவுக் கட்டணத்திலிருந்தே வருகிறது. பரிசு வாங்க வாய்ப்பே இல்லாத இருநூறு பேரின் பணம் முதல் பத்துப் பேரிடம் போய்ச் சேர்கிறது. இதைச் சரிக்கட்டத்தான் '1600க்குக் கீழ்', '1800க்குக் கீழ்' என்று தனிப் பிரிவுகள் வந்தன. நல்ல முயற்சி, ஆனால் அவற்றிலும் பெரும் தொகையை வைத்ததால் வேறொரு நோய் தொற்றிக்கொண்டது. அமெரிக்காவில் 1973இலிருந்து நடக்கும் வேர்ல்டு ஓப்பன், ரேட்டிங் பிரிவுகளுக்கும் தாராளமாகப் பணம் கொடுப்பதில் பெயர் பெற்றது. பரிசுக்காக வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கைக் கீழே வைத்திருப்பவர்களைத் தடுக்க அங்கே தனி விதிகளே போட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் ரொக்கம் இருக்கும் இடத்தில் அந்த ஆசை எங்கும் வரும். அமெச்சூர் பிரிவில் பரிசுத் தொகையை உயர்த்துவதுதான் அமெச்சூர்களைக் கவரும் வழி என்று நம் அமைப்பாளர்கள் நினைப்பது தவறான கணக்கு. தொகையைக் குறைத்துக் கட்டணத்தையும் குறையுங்கள்; மிச்சமாகும் பணத்தை நல்ல வெளிச்சம், குடிநீர், சுத்தமான கழிப்பறை, முதுகு வலிக்காத நாற்காலி ஆகியவற்றில் போடுங்கள்.

நாம் முன்வைக்கும் மாற்றம் எளியது. ரேட்டிங் வரிசையில் அடுத்தடுத்து உள்ள நால்வரை ஒரு குழுவாக்கினால் மூன்றே சுற்றுகள். ஆளுக்கு 45 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்று வைத்தாலும் 60 நகர்வு ஆட்டம் ஒன்று இரண்டரை மணி நேரத்தில் முடியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் அடங்கிவிடும், திங்கள் வேலைக்குப் போகலாம். ஆறு பேர் என்றால் ஐந்து ஞாயிறுகளுக்கு வாரம் ஓர் ஆட்டம். சுவிஸ் முறையே வேண்டும் என்பவர்கள் 200 புள்ளி இடைவெளியில் பிரிவு பிரிவாக நடத்தலாம். ஒரு சுற்றுக்கு வர முடியாதவருக்கு முன்கூட்டியே சொன்னால் அரைப் புள்ளி கொடுக்கலாம், வெளிநாட்டு ஓப்பன்கள் பலவற்றில் இது சாதாரணம். விதிகள் இடம் கொடுக்கவில்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. தாமதமாக வருபவருக்கு எத்தனை நிமிடம் பொறுப்பது என்பதை ஃபிடே விதி அமைப்பாளரிடமே விட்டிருக்கிறது. அவர் எதையும் குறிப்பிடாவிட்டால்தான் அது பூஜ்யம். கைபேசித் தவறுக்கு ஆட்டத்தையே பறிப்பதைவிடக் குறைந்த தண்டனையை அறிவிக்கவும் வழி உண்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து எங்கே தவறியது என்று பேசிப் பார்க்க நான்கு பலகைகள் போட்ட ஓர் அறையும் அவசியம். 1972இல் மானுவல் ஆரன் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப் சிறுவன் ஆனந்தை வளர்த்தது அப்படிப்பட்ட ஓயாத ஆட்டத்தாலும் பேச்சாலும்தான். அங்கே ஆனந்தின் எதிரே உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. அவர்கள் இல்லாமல் அந்த கிளப்பும் இல்லை.

இதற்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம், பலமானவர்களிடம் தோற்றுத்தான் வளர முடியும், சமமானவர்களோடு அடைத்து வைத்தால் திறமை தேங்கும் என்பது. பட்டம் தேடி ஓடும் பிள்ளைக்கு இது பொருந்தும். அவளுக்கான ஓப்பன் போட்டிகள் இருக்கட்டும், யாரும் அவற்றை மூடச் சொல்லவில்லை. குழு முறையிலும் வென்றவர் மேலே போகிறார், தேக்கம் ஏது? ஆனால் ஐம்பது வயதில் மாஸ்டர் ஆகும் எண்ணமே இல்லாத ஒருவரிடம் 'தோற்றுக்கொண்டே இரு, வளர்வாய்' என்று சொல்வது அறிவுரையாகாது. இரண்டாவது ஆட்சேபம் செலவு. குழுவாகப் பிரித்தாலும் மேசை, கடிகாரம், மண்டபம், நடுவர் எல்லாம் அதே எண்ணிக்கைதான். ஐந்து நாள் வாடகை ஒரு நாளாகக் குறைகிறது. மூன்றாவதில் உண்மையான சிக்கல் இருக்கிறது: குழுவில் ஒருவர் பாதியில் விலகினால் மற்ற மூவரின் ஆட்டமும் குலையும், சுவிஸ் முறையில் அந்தத் தொல்லை இல்லை. காத்திருப்புப் பட்டியலில் ஓரிருவரை வைத்துக்கொள்வதும், நான்கால் வகுபடாமல் மிஞ்சுபவர்களைச் சிறு சுவிஸ் குழுவாக்குவதும் ஓரளவு உதவும். முழுத் தீர்வு என்று அதைச் சொல்ல மாட்டோம். ஆனாலும் மூன்றில் ஓர் ஆட்டம் குலைவதற்கு அஞ்சி, ஒன்பதில் ஐந்து ஆட்டம் சப்பென்று போவதை ஏற்றுக்கொள்வது என்ன நியாயம்?

இன்னும் சிலர், இணையத்தில் ஆடினால் போதாதா, அமெச்சூருக்கு எதற்கு மண்டபம் என்கிறார்கள். இந்தக் கேள்வியே நம் வாதத்துக்குச் சாட்சி. கொரோனா காலத்தில் கோடிக்கணக்கானோர் இணையச் செஸ்ஸுக்கு வந்தார்கள், பலர் அதை விடவில்லை. அங்கே பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் கணினி கிட்டத்தட்டச் சம பலமுள்ள ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தோற்றாலும் அடுத்த ஆட்டம் ஜெயிக்கலாம் போலிருக்கிறது, அதனால் இரவு ஒரு மணி வரை ஆடுகிறார்கள். அமெச்சூருக்கு ஆடும் ஆசை வற்றிவிடவில்லை. மண்டபத்துக்குள் நுழையும் ஆசைதான் வற்றிவிட்டது. எதிரே ஒரு முகம், மரக்காயின் கனம், ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கல், வெளியே நின்று குடிக்கும் தேநீரோடு தொடரும் விவாதம், இதெல்லாம் திரையில் கிடைக்காது. சம பலத்தை இணையம் கொடுக்கிறது, மனிதரை மண்டபம் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் போட்டிக்கு ஆள் சேராது என்று நம்ப முடியவில்லை.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கைகூப்பி உலகத்தை வரவேற்றது. தம்பி தங்கைகளுக்கு நிறையச் செய்திருக்கிறோம். அண்ணன், அக்கா, அப்பாக்களின் முறை வரவில்லை. அதற்கான வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 50 லட்சம் ரூபாய் பரிசுத் தொகையுடன் முதல் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. எட்டுப் பேர் ஆடினார்கள், குகேஷ் வென்றார். உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் போட்டிக்கு அவர் தகுதி பெற அந்த வெற்றி கைகொடுத்தது. அதன் பிறகும் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. அடுத்த முறை அந்தக் கிராண்ட்மாஸ்டர்களைச் சொகுசு விடுதியின் அறைக்குள் மட்டும் வைக்காமல் ஒரு பெரிய அரங்குக்குக் கொண்டுவாருங்கள். அருகிலேயே வார இறுதிகளில் நூறு மேசைகளைப் போட்டு, மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் வங்கி ஊழியருக்கும் ஆசிரியைக்கும் ஓட்டுநருக்கும் நால்வர் குழுக்களில் இடம் கொடுங்கள். மாநிலச் செஸ் சங்கமும் ஆணையமும் சேர்ந்து இதை அடுத்த போட்டிக்கான அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். பட்டாணி சூப் வேண்டாம், ஆளுக்கு ஒரு தட்டு சுண்டல் போதும்.